எட்டாக் கல்வியை எட்டச் செய்வோம்

கல்வி எல்லார்க்கும் உரியது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும், உரியது யாவும் உரியவர் கைக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. நகரத்துப் பிள்ளை நடந்து சென்றே அடையும் நூலகத்திற்கும் துணைப்பாட வகுப்பிற்கும் தோட்டத்துப் பிள்ளை பேருந்து ஏறிச் செல்ல வேண்டியுள்ளது. இந்தத் தொலைவை இணையவழிக் கல்வி குறைக்குமா? குறைக்கும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அது தானாக நிகழாது. நாம் முனைந்தால்தான் நிகழும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் பாலத்திற்கு அப்பால் உள்ள சிங்கப்பூரை நோக்கினாலே போதும்.

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழ், 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியை நடத்திவந்தது. பால்மரக் காட்டின் நடுவே வாழ்ந்த சிறுவர் சிறுமியரும் அதற்குக் கதையும் கட்டுரையும் எழுதி அனுப்பினர். அஞ்சலில் சென்ற எழுத்து அச்சேறித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் மலர்ந்தோர் பலருக்கு அப்பகுதியே முதற் பள்ளியாக விளங்கிற்று. அன்று நாளிதழ் ஆற்றிய பணியை இன்று இணையம் இன்னும் விரைவாக ஆற்ற வல்லது.

அவ்விணையத்தில் தமிழ் ஏறியதிலும் ஓர் ஆசிரியருக்குப் பெரும்பங்கு உண்டு. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், 1995ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் எழுத்தில் இணையத்தில் இடம்பெற்றன. பின்னர் 2015ஆம் ஆண்டில், அந்நாட்டின் பொன்விழாவை ஒட்டி, ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தமிழன்பர்களும் தேசிய நூலகமும் கைகோத்து ஆற்றிய தொண்டு அது. நூலகம் இல்லாத தோட்டத்தில் இருக்கும் பிள்ளையும் அந்நூல்களைத் தேடிப் படிக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால், கதவு வரை செல்லப் பிள்ளைக்கு வழி உண்டா? 2020ஆம் ஆண்டு இக்கேள்வியை நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாலமும் அடைபட்டது. சிங்கப்பூரில் வேலை செய்த தந்தையர் பலர் அங்கேயே தங்கிவிட நேர்ந்தது. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்ததோ 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான். அக்காலத்தில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகளை நாம் அறிவோம். தந்தையோடு பேசவும் அதே கருவி. ஆசிரியர் அனுப்பிய பாடத்தைப் பார்க்கவும் அதே கருவி. தாய் வேலை முடிந்து வீடு திரும்பும் வரை எந்தப் பாடமும் கிடைக்காத பிள்ளைகளும் இருந்தனர்.

செல்வச் செழிப்புள்ள சிங்கப்பூரிலும் இக்குறை இல்லாமற் போகவில்லை. அங்கும் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் நெருங்கி வாழும் குடும்பங்கள் உண்டு. 2020 ஏப்ரல் 8ஆம் நாள் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கியபோது, கருவி இல்லாப் பிள்ளைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட மடிக்கணினிகளும் கைக்கணினிகளும் இரவலாக வழங்கப்பட்டன. இணைய இணைப்புக் கருவிகளும் அவ்வாறே கொடுக்கப்பட்டன. ‘என்ஜினியரிங் குட்’ என்னும் தொண்டூழிய அமைப்பினர், பொதுமக்கள் கொடுத்த பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து, இல்லாத குடும்பங்களுக்கு அளித்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளியின் வாயிலை அடைக்காமல் வைத்திருந்தனர். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே. கருவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என அவர்கள் கருதவில்லை. பிள்ளை அமர ஓர் இடமும், அருகே ஒரு பெரியவரும் தேவை என்பதை உணர்ந்திருந்தனர்.

இணையவழிக் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பெற்றோருள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. பாடம் பார்க்க எடுத்த கைத்தொலைபேசி விளையாட்டில் போய் முடிவதை நாமும் காண்கிறோம். மற்றொரு சாராரோ, இனி ஆசிரியரே வேண்டியதில்லை என்கின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. வகுப்பறையில் ஒரு பிள்ளை வராவிட்டால் வெற்று நாற்காலி ஆசிரியர் கண்ணில் படும். அவர் வீடு தேடிச் சென்று விசாரிப்பார். திரையில் வராத பிள்ளையை யார் தேடுவார்? அது ஓசையின்றி விடுபட்டுப் போகும். அவ்வாறு விடுபடுவது பெரும்பாலும் ஏழைப் பிள்ளையே. ஆகவே, இணையம் ஆசிரியருக்குத் துணையாக அமையலாம். அவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

இனி நாம் செய்யத்தக்கது யாது? மாலை வேளையில் பள்ளியின் ஓர் அறை திறந்திருக்கட்டும். அதில் நான்கைந்து கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். பெற்றோருள் ஒருவரோ, இடைநிலைப் பள்ளியில் பயிலும் நம் முன்னாள் மாணவர் ஒருவரோ முறை வைத்து உடனிருக்கட்டும். வராத பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்து, மறுநாள் அதன் வீட்டிற்குச் சென்று கேட்கட்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினர் புதுக் கணினி வாங்கும்போது பழையதை ஒதுக்கிவிடாமல் நம் பள்ளிக்குக் கொணரட்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நண்பர்களிடமும் இதனை எடுத்துரைக்கட்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 1950களில் சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு வளம் சேர்க்கவே கேட்டார். பாட்டாளிகளும் மனமுவந்து கொடுத்தனர். இன்றும் சிங்கப்பூரில் இந்தியத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை சிண்டாவுக்குச் செல்கிறது. 1991ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வமைப்பு, தேக்காவை அடுத்த பீட்டி சாலையில் இயங்கி, வசதி குறைந்த மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. சிறு துளிகள் சேர்ந்தே அப்பணி நடைபெறுகிறது. நம் தோட்டத்திலும் வீட்டுக்கு ஒரு வெள்ளி மாதந்தோறும் சேர்ந்தால் இணையக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

மாணவச் செல்வங்களே! கருவி உங்கள் கைக்கு வரும்போது, முதல் அரைமணி நேரத்தைப் பாடத்திற்குக் கொடுங்கள். உங்களிடம் இருப்பது பக்கத்து வீட்டுத் தோழனிடம் இல்லையெனில், அவனையும் அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! உங்களுக்குக் கணினி தெரியவில்லையே என்று கூச வேண்டா. பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இன்று என்ன படித்தாய்?” என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை.

பாலம் அடைபட்ட நாளில் பாடமும் அடைபட்டது என்னும் நிலை நம் பிள்ளைகளுக்கு இனி ஒருபோதும் வாராதிருக்க, இன்றே முனைவோமாக.