உருக்கிய வெள்ளியும் செந்நீரும்

ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். தேக்காவில் பயணச்சீட்டு எடுத்துத் தாத்தா ஊருக்குப் போய், அப்படியே குற்றாலத்தையும் பார்த்து வந்த பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். "வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் அருவி கொட்டியது" என்ற தொடரும் தவறாமல் இருக்கும். (கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு!) அந்த வெள்ளி எப்போது செந்நீராக மாறும் என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

17.5.2024 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை பெய்தது மலைமேல். குளித்தவர்கள் இருந்ததோ அடிவாரத்தில். 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், ஆன்டிலோப் என்னும் குறுகிய பாறைப் பிளவுக்குள் சென்ற 11 பேர் மாண்டதும் இப்படித்தான். தொலைவில் பெய்த மழை அவர்களைத் தேடி வந்தது. இதைக் காட்டாற்று வெள்ளம் என்கிறோம். மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்', அதாவது நீரின் தலை. ஒகேனக்கல்லில் மழைகூட வேண்டாம். கர்நாடக அணைகளில் நீர் திறந்தாலே போதும்.

கோத்தா திங்கி அருவிக்குப் புறப்பட்ட பெற்றோர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே, டீச்சர்" என்றார். எனக்கு அச்சம் தருவதே அந்தச் சொல்தான். 2010இல் தொடங்கிய 'ஸ்விம்சேஃபர்' நல்ல திட்டம், குறை கூறவில்லை. ஆயினும், ஆழம் எழுதப்பட்ட, அடி தெரியும் நீச்சல் குளத்தில் பெற்ற சான்றிதழ், பாறைகளை உருட்டி வரும் நீருக்குத் தெரியாது.

ஆகவே பெற்றோரே, இறங்குமுன் அங்குள்ள காவலர்களிடமோ வனத்துறையினரிடமோ கேளுங்கள். தடை என்றால் தடைதான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வாதாட வேண்டாம். அடி தெரியாத மடுவில் குதிக்க விடாதீர்கள். பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, நீர் வரும் திசையையே பார்க்கட்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பைத் தேடக் கூடாது.

இவ்வாண்டுக் கட்டுரையில் கூடுதலாக ஒரு வரி கேட்கவிருக்கிறேன்: அன்று மலையில் மழை பெய்ததா? அதை யாரிடம் கேட்டு அறிந்தீர்கள்? உருக்கிய வெள்ளியின் மதிப்பெண்ணை அதற்கு மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன்.