கடைசியில் வந்த பெயர்



அமெரிக்காவில் பேஸ்பால் பந்தாட்ட இரசிகர்கள் பெரிய குழுவை மட்டும் பார்ப்பதில்லை. அதன் கீழ்நிலைக் குழுக்களில் ஆடும் இளைஞர்களையும், நாற்றங்காலில் பால்மரக் கன்றுகளைப் பார்ப்பதுபோல், பருவம் முழுதும் கவனித்து வருவார்கள்.

1988-இல் டாட்ஜர்ஸ் குழு மைக் பியாசாவை 62-ஆம் சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுத்தது. அதுவும் குழுவை நடத்திய டோமி லசோர்டா அவருடைய தந்தைக்கு நண்பர் என்பதால்தான்! பியாசா, அடிப்பவருக்குப் பின்னே குந்திப் பந்து பிடிக்கும் கடினமான வேலையைப் புதிதாகக் கற்றார். கீழ்நிலைக் குழுக்களில் படிப்படியாக ஏறினார். 1993-இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 2016-இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு பையனின் தேர்ச்சி அறிக்கையில் நானும் எழுதியதுண்டு. இனி எழுதமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.