அருவிக் குளியலும் ரத்த அழுத்தமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை வட்டார மருத்துவர்களிடம் வெளியூர் நோயாளிகளும் வருவார்கள். பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துவிட்டு, "படபடன்னு வருது டாக்டர்" என்று வந்து உட்காரும் அறுபது வயதுக்காரருக்கு ரத்த அழுத்தம் 180/100 என்று காட்டினால், அந்த ஓர் அளவை மட்டும் நம்பி மருந்து கொடுத்துவிடக் கூடாது.

குளிர்ந்த நீர் உடலில் அறைந்து விழும்போது தோலின் குளிர் உணர்விகள் பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்குகின்றன. நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலின், ஆல்பா-1 ஏற்பிகள் வழியே தோலின் சிறுதமனிகளைச் சுருக்குகிறது. பீட்டா-1 ஏற்பிகள் வழியே இதயத்தை விரைவுபடுத்துகிறது. 1930களில் ஹைன்ஸ், பிரவுன் என்ற மருத்துவர்கள் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தச் செய்து அளந்ததும் இப்படி உயரும் ரத்த அழுத்தத்தைத்தான். அருவி நீர் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. ஆனால் அது உடல் முழுவதையும் நனைக்கிறது.

அழுத்தம் ஏறியதும் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. பரிவு நரம்புத் தூண்டல் தணிந்து, வேகஸ் நரம்பின் பிடி கூடுகிறது. குளிரும் நீங்கிவிட்டால் அழுத்தம் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். முதுமையிலும் நாள்பட்ட சர்க்கரை நோயிலும் இந்த அனிச்சைச் செயல் மந்தமாகிறது. அத்தகையவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு எழும்போது அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆல்பா தடுப்பி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் செயலிழப்பு இருந்தால் அது அவசரநிலை, தாமதம் கூடாது. இவை இல்லையென்றால் ஈர உடையை மாற்றச் சொல்லி, 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி அளக்க வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் இன்னொரு முறை அளக்க வேண்டும். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாரா என்றும் கேளுங்கள். குளோனிடினையோ பீட்டா தடுப்பியையோ திடீரென நிறுத்தினால் பரிவு நரம்பின் விளைவுகள் பன்மடங்கு சீறி எழும்.

நாக்கின் அடியில் நிஃபெடிபின் கொடுத்து அழுத்தத்தைச் சட்டென இறக்குவது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும் என்று 1990களிலேயே எச்சரிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால், இந்தச் சீசனிலேயே அதைக் கைவிடுவோம்.