பழுதை மறைத்து விற்பது சாமர்த்தியமா?

பாவித்த கார் வியாபாரத்தில் விசித்திரமானதொரு ஒழுக்கநெறி நிலவுகிறது. பொய் சொல்லி விற்றவரை உலகம் ஏமாற்றுக்காரர் என்கிறது. உண்மையைச் சொல்லாமல் விற்றவரையோ கெட்டிக்காரர் என்று மெச்சுகிறது. இவ்விரண்டு பேருக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் பலரது பல வருடச் சேமிப்பு காணாமற் போய்விடுகிறது.

சாதாரணக் கார்களை விட விளையாட்டுக் கார்களில் இது மிகவும் பாரதூரமானது. அவற்றின் விற்பனை விலை வயதுடன் இறங்குகிறது. ஆனால், திருத்தச் செலவு இறங்குவதில்லை. புதிதாக வாங்கியிருக்க முடியாத ஒரு வண்டியை, இருபது வருடங்களின் பின்னர் நடுத்தர வருமானமுள்ள ஒருவர் வாங்கிவிடலாம். அதன் எஞ்சின் உடைந்தாலோ, வண்டிக்குக் கொடுத்த பணத்துக்குச் சமமான தொகையை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனத்தின் வண்டிகளாகும். 1996இல் பொக்ஸ்டரும் 1997இல் புதிய 911உம் அறிமுகமானபோது, அந்நிறுவனம் காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சினைக் கைவிட்டு நீரால் குளிரூட்டப்படும் எஞ்சினுக்கு மாறியது. அந்தப் புதிய எஞ்சினின் உள்ளே இடைத்தண்டு ஒன்று உண்டு. வால்வுகளை இயக்கும் சங்கிலிகளுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்வது அதுவே. அத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது, கிறீஸ் அடைத்து மூடப்பட்ட ஒரு சிறிய குண்டு பெயரிங். காலப்போக்கில் அதன் மூடி தேய, உள்ளிருந்த கிறீஸ் கழுவப்பட்டுப் போகிறது. குண்டுகள் பொரிந்து, தண்டு ஆட்டம் காண்கிறது. ஈற்றில் சங்கிலியின் ஒழுங்கு குலைந்து வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளால் முழு எஞ்சினும் பழைய இரும்பாகிவிடுகிறது.

இவ்வாறு உடைந்தவை சிறுபான்மையே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், அமெரிக்காவில் பாதிக்கப்பட்டோர் கூட்டாக வழக்குத் தொடர்ந்தனர். 2001 மே முதல் 2005 பெப்ரவரி வரை உற்பத்தியான வண்டிகள் தொடர்பாக 2013இல் இணக்கம் ஏற்பட்டது. அதில் கவனிக்கத்தக்க விடயம் யாதெனில், வண்டியைப் பாவித்ததாக வாங்கியவர்கள் புதிதாக வாங்கியவர்களுடன் சமமாக நடத்தப்படவில்லை என்பதே. அவர்களில் பலருக்குக் கிடைத்தது செலவின் ஒரு பகுதி மாத்திரமே. இரண்டாவது கையின் இழப்பு இரண்டாந்தர இழப்பாகவே கருதப்பட்டது.

நம்மவர்களிடையே ஒரு பழமொழி உண்டு: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. காசு கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். விளையாட்டுக் காரின் பல் எது? நீங்கள் போய்ச் சேருமுன்பே எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தால் அதனைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த நிலையில் இயக்கும்போது எழும் ஓசைகள் பல உண்மைகளைச் சொல்லும். ஒயில் பில்டரை வெட்டிப் பார்த்தால் உலோகத் துகள்கள் தெரியவரும். ஸ்பார்க் பிளக் துவாரத்தினூடாக நுண்கமராவைச் செலுத்திச் சிலிண்டர்ச் சுவரில் கீறல்கள் உண்டா எனப் பார்க்கலாம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியோ, அளவுக்கு மீறிச் சுழற்றப்பட்ட தருணங்களை நினைவில் பதிந்து வைத்திருக்கிறது. உரிமையாளர் மறந்தாலும் அது மறப்பதில்லை. இந்தப் பரிசோதனைகளுக்கு விற்பவர் சம்மதிக்காவிடின், வண்டியைப் பற்றி அதற்கு மேல் அறிய வேண்டியது எதுவுமில்லை.

பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் பலர், வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனையில் தேறிய வண்டி நல்ல வண்டி என எண்ணுகின்றனர். அது பிரேக், ரயர், விளக்கு, புகை போன்ற பாதுகாப்பு விடயங்களையே பார்க்கிறது. எஞ்சினின் உள்நிலையை அது ஆராய்வதில்லை.

பணத்தைக் கொடுத்த பின்னர் பழுது தெரியவந்தால் என்ன செய்வது? முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அடுத்து, எதனையும் கழற்றுவதற்கு முன்னர் சுயாதீனமான ஒருவரிடம் எழுத்துமூல அறிக்கை பெற வேண்டும். தானாகவே திருத்திவிட்டுப் பின்னர் பணம் கேட்பவருடைய சாட்சியம் குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டிருக்கும். மூன்றாவதாக, விற்றவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வியாபாரி ஒருவரிடம் வாங்கிய வண்டியில் வாங்கும்போதே பழுது இருந்ததெனக் காட்ட முடிந்தால் 30 நாட்களுக்குள் அதனைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். அதன் பின்னர், ஆறு மாதம் வரை, திருத்தித் தருமாறு கேட்கும்போது, விற்ற வேளையில் பழுது இருக்கவில்லை என நிரூபிக்கும் பொறுப்பு வியாபாரியையே சாரும். எனினும், வண்டியின் வயதையும் விலையையும் சட்டம் கருத்தில் எடுக்கும். இயல்பான தேய்மானத்துக்கு எவரும் ஈடு தரமாட்டார்கள்.

தன் சொந்த வண்டியை விற்கும் தனியாளிடம் வாங்கினால் நிலைமை வேறு. அவர் பொய் சொல்லக்கூடாது. சொன்ன விபரமும் வண்டியும் பொருந்த வேண்டும். ஆனால், கேட்கப்படாததைச் சொல்ல வேண்டிய கடப்பாடு பொதுவாக அவருக்கு இல்லை. ஆகவே, கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எஞ்சின் எப்போதாவது திறக்கப்பட்டதா, பெயரிங் மாற்றப்பட்டதா, ஒயில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டால் மௌனத்துக்கு இடமில்லை. பொய்யான பதில் கிடைத்தால் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டம் துணைக்கு வரும்.

இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே இன்னும் அடிப்படையாக உள்ளது. காரைக் கண்டிராத ஒரு சமூகத்துக்காக எழுதப்பட்ட அச்சட்டத்தில் 30 நாள், ஆறு மாதம் போன்ற தெளிவான ஏற்பாடுகள் எவையும் இல்லை. வண்டி கைமாறும் ஒவ்வொரு தடவையும், தனக்குத் தெரிந்த பழுதுகளையும் செய்த திருத்தங்களையும் விற்பவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதைச் சட்டமாக்கினால் என்ன? அதற்கான செலவு ஒரு தாள்.

சட்டம் எட்டாத இடம் ஒன்றும் உண்டு. ஏமாற்றப்பட்டவருக்கு மிக இலகுவான வழி, தெரியாததுபோல் வண்டியை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவதே. பெரும்பாலானோர் அவ்வாறே செய்யுமாறு ஆலோசனை கூறுவர். ‘எனக்கு யாரும் சொல்லவில்லையே’ என்பது அதற்கான நியாயமாகிவிடுகிறது. இவ்விதம் ஒரே பழுது மூன்று, நான்கு குடும்பங்களின் ஊடாகப் பயணம் செய்து, நெடுஞ்சாலையொன்றில் வைத்து எஞ்சின் நின்றுபோகும் நாளில் அகப்படுகிறவரிடம் முழுக் கணக்கையும் தீர்த்துக் கொள்கிறது. பெரும்பாலும் அவர், அவர்கள் எல்லோரிலும் பணம் குறைந்தவராகவே இருப்பார். ஏனெனில், கைமாறும்தோறும் வண்டியின் விலை இறங்கியிருக்கும்.

பழுதைச் சொல்லி விற்பவருக்குச் சில ஆயிரம் பவுண் குறையலாம். அந்தத் தொகை அவருடைய நட்டமல்ல. சொல்லாமல் விற்றிருந்தால் இன்னொருவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்திருக்கக்கூடிய பணமே அது.