மிடில்வேரா, வெப் சர்வீஸா? ரயில் டிக்கெட்டைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் விஷயம் இது. இருபது முப்பது வருடமாக ஓடும் பழைய சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதை வெளியுலகத்தோடு பேச வைக்க வேண்டும். நடுவில் மிடில்வேர் என்ற அடுக்கைப் போட்டு இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கச் சொல்வதா? இல்லை, பழைய சிஸ்டத்தையே திருத்தி, அதுவே நேரடியாக வெப் சர்வீஸ் தரும்படி செய்வதா?

நண்பர்களில் பலர் இரண்டாவது கட்சி. "நடுவில் எதற்கு ஒரு தரகர்?" என்கிறார்கள். நான் தரகர் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

புத்தக உதாரணம் வேண்டாம், ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். எங்கள் நெம்மேலிக்கு ரயில் கிடையாது, செங்கல்பட்டோ சென்னையோ போய்த்தான் ஏற வேண்டும். ஆனாலும் பொங்கல் டிக்கெட் கவலை இங்கேயும் உண்டு!

ரயில்வேயில் கம்ப்யூட்டர் முன்பதிவு 1980களின் நடுவில் டெல்லியில் ஆரம்பித்தது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். ஐந்து மையம், ஐந்து தனித்தனி டேட்டாபேஸ். டெல்லி வண்டியின் பெர்த் கணக்கு டெல்லி மெஷினில், தெற்கு வண்டிகளின் கணக்கு சென்னை மெஷினில். இவற்றை இணைக்க ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் எழுதியதுதான் 'கான்சர்ட்'. 1994ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999 ஏப்ரலில் ஐந்தும் இணைந்தன.

ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டேட்டாபேஸ் அதனதன் இடத்திலேயே இருந்தது. நடுவில் 'ரிலையபிள் டிரான்ஸாக்‌ஷன் ரவுட்டர்' என்ற மிடில்வேர், எந்தக் கோரிக்கை எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பியது.

இதில் என்ன பெரிய விஷயம்? பாதியில் லைன் அறுந்துபோனால் பெர்த் விற்றதா இல்லையா? நல்ல மிடில்வேர், வேலை முழுதாக முடிய வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும் என்பதற்குப் பொறுப்பேற்கிறது. சாதாரண வெப் சர்வீஸில் பதில் வராவிட்டால் கேட்டவனுக்கு எதுவும் தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு டிக்கெட் ஆகிவிடலாம். அதைத் தடுக்கும் வேலை முழுவதும் புரோகிராமர் தலையில்.

"1994ல் வெப் சர்வீஸே கிடையாதே, வேறு வழியில்லாமல் செய்ததுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோது வெப் சர்வீஸ் வந்துவிட்டது. அப்போதும் கவுன்ட்டர் சிஸ்டத்தை மாற்றவில்லை, அதன் முன்னால் ஒரு இணையதளத்தை வைத்தார்கள். நாடு முழுக்க ஒரு நாள்கூட கவுன்ட்டரை மூட முடியாத இடத்தில் அதுதான் புத்திசாலித்தனம். 2014ல் புது இணையதளம் வந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். மிடில்வேர் பழையதை ரொம்ப நன்றாக மறைத்துவிடும். முன்னால் பளபளவென்று இணையதளம் இருந்தால், பின்னால் இருப்பதைப் புதுப்பிக்க யார் பணம் கேட்பார்கள்? முன்பதிவு சிஸ்டம் 2010ல் நிறுவியது, இட்டானியம் சர்வரிலும் ஓபன் விஎம்எஸ்ஸிலும் ஓடுகிறது என்று 2025ல் ரயில்வே அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். இன்டெல் இட்டானியம் சிப் அனுப்புவதை 2021லேயே நிறுத்திவிட்டது. நிமிடத்துக்கு சுமார் 25,000 டிக்கெட் என்பதை நான்கு மடங்காக்கும் புது சிஸ்டம் வருகிறது என்றும் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் சிப் நின்றுபோகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

என் யோசனை இதுதான். பார்ப்பது வேறு, விற்பது வேறு. பிஎன்ஆர் நிலவரம், காலி இடம் போன்ற வெறும் விசாரிப்புகளை முதலில் நேரடி வெப் சர்வீஸுக்கு மாற்றலாம். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேட்டால் போச்சு, நஷ்டம் இல்லை. தட்கல் நேரத்துக் கூட்டத்தில் பாதி, பார்ப்பவர்கள் கூட்டம்தானே! பெர்த்தை விற்பது, பணத்தைத் திருப்புவது போன்றவை கடைசிவரை மிடில்வேர் வழியாகவே போகட்டும். வருடத்துக்கு ஒரு வேலையாக இடம் மாறினால், பழைய மெஷின் நிற்கிற நாளில் யாரும் பதற வேண்டியதில்லை.

புராஜெக்ட் செய்கிற நண்பர்களே, தரகரைத் தாராளமாக வையுங்கள். அவர் ஓய்வு பெறும் தேதியையும் முதல் நாளே டாக்குமென்ட்டில் எழுதி வையுங்கள்.