கைத்துப்பாக்கியும் காவலும்

ஆம்பூர்க் காலணி ஆலையொன்றில் பணியாற்றும் நம் முன்னாள் மாணவி அண்மையில் வினவினார்: "ஐயா, வேலை முடிந்து இருட்டில் ஊர் திரும்புகிறேன். துப்பாக்கி வாங்கலாமா?"

அவ்வினா நம்மை வருத்தியது. 2012ஆம் ஆண்டு டெல்லிக் கொடுமைக்குப் பின், பெண்களுக்கென்றே 'நிர்பீக்' எனும் .32 சுழல்துப்பாக்கியை 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. அப்போது விலை 1,22,000 ரூபாய்க்கும் மேல். தோல் தொழிலாளிக்கோ அது பல மாத ஊதியம்.

விலையினும் பெரிது பொறுப்பு. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் வலியுறுத்துகின்றன. எத்துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே கருதல், எவர் பக்கமும் குழலைத் திருப்பாமை, சுடத் துணியும்வரை விசையில் விரல் வையாமை, குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டிவைத்தல் ஆகியன பழகாத கைக்கு அது காவலன்று; வீட்டிற்குள் குடிபுகுந்த இடர்.

பழகிய கைக்கும், பைக்குள் துழாவி அதை எடுக்கும் அவகாசத்தைப் பின்தொடர்பவன் தருவானா? பறித்துக்கொண்டால் என் செய்வது?

உரிமம் கோரித் திருப்பத்தூர் ஆட்சியருக்கு மனு எழுத அவருக்குத் தடையில்லை. அதற்கு முன் வேறொரு மனுவைத் தோழியர் அனைவரும் ஒப்பமிட்டு எழுதுமாறு கூறினோம்: ஊர் எல்லைவரை ஆலை வண்டி, வழிநெடுகத் தெருவிளக்கு. பணியிடப் பாலியல் தொல்லைக்கெதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி தரும் வண்டியையும் பணியிடமாகவே கொள்கிறது.

தனியொருத்தியின் கைப்பைக்குள் ஊரின் கடமையைத் திணித்தல் தகுமோ?