பையில் இருப்பதை விற்பது

பங்குச் சந்தை என்றாலே மார்க்கத்தில் கூடாது என்று போடியில் பல பாய்மார்கள் நினைக்கிறார்கள். இது முழு உண்மை அல்ல.

பங்கு வாங்குவது கூட்டு வியாபாரம். லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு. பெரும்பாலான அறிஞர்கள் இதைத் தடுக்கவில்லை. வட்டி வங்கி, மது, சூதாட்டம், பன்றி இறைச்சித் தொழில்கள் ஆகாது. கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கி அடைப்பதும் ஆகாது. நான் படித்த பிரெஞ்சில் பங்குச் சந்தைக்கு 'பூர்ஸ்' என்று பெயர்; பணப்பைக்கும் அதே சொல்தான். பையில் இல்லாததை விற்காதே என்பது எந்த மதத்தாருக்கும் பொருந்தும்.

நம்மூர் ஏலத்தையே பாருங்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைப் பார்த்து, நிறமும் பருமனும் தேறினால்தான் கணினியில் விலை கேட்கிறார்கள். சரக்கு நிஜமாக இருக்கிறது. அதே ஏலக்காய்க்கு எம்.சி.எக்ஸ். 2006இல் முன்பேர வணிகம் தொடங்கியது. அதில் மலைப்பக்கமே வராதவரும் சிறு முன்பணம் கட்டி ஏலக்காய் விற்கலாம்! முன்பணம் கொடுப்பதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. இஸ்லாத்தில் 'ஸலம்' என்று ஒரு முறை உண்டு. தரம், அளவு, தேதி எல்லாம் பேசி முழு விலையையும் முன்னரே கொடுத்துவிட்டு, பிறகு சரக்கைப் பெறலாம். விவசாயிக்கு அது உதவி.

எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டம் விற்ற பணத்தை, வட்டி வேண்டாமென்று நடப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறார். விலைவாசி அதைத் தின்கிறது. மும்பைப் பங்குச் சந்தை 2010 டிசம்பரிலேயே ஷரீஅத் முறையில் சலித்தெடுத்த 50 நிறுவனங்களுக்குக் குறியீடு வெளியிட்டதும், டாடா எதிக்கல் ஃபண்ட் இருப்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஓர் ஆட்சேபம். பஹ்ரைனில் உள்ள 'ஆயோஃபி' என்ற அமைப்பின் விதிப்படி, நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சரி, கடன் 40 கோடி, சந்தை மதிப்பு 100 கோடி என்று வையுங்கள். தேறாது. பங்கு விலை ஏறி மதிப்பு 150 கோடி ஆனால் 27 சதவீதத்துக்குள் வந்து தேறிவிடும். கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை! விலை ஏறியதே தகுதி ஆகிவிடுகிறது. நிறுவனத்தின் மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது. பணம் போடுமுன் எந்தக் கணக்கில் சலிக்கிறார்கள் என்று கேளுங்கள்.